சோடி வராத வாக்கெடுப்பு

பிற்பகல் நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் நாடாளுமன்றத்தின் பின்முற்றத்துக்குள் ஓர் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. விளக்குச் சுழலவில்லை, சத்தம் போடவில்லை. யாரையும் காப்பாற்ற வந்த வண்டி அல்ல அது. உள்ளே படுத்திருந்த மனிதரை ஒரு வாக்காக எண்ணிக்கொள்வதற்காக வந்த வண்டி.

தூறலில் அதற்காகவே காத்து நின்ற தவமலர் வண்டியருகே போனாள்.

தவமலர் குலேந்திரனுக்கு ஐம்பத்தெட்டு வயது. வடமேற்கு லண்டன் மக்கள் நான்கு தடவை தேர்ந்தெடுத்து அனுப்பியவள், எதிர்க்கட்சியின் கொறடாக்களில் ஒருத்தி. கொறடாவின் வேலை கட்சிக்காரர்களை மேய்ப்பது. யார் வந்தார், யார் வரவில்லை, யார் கழிப்பறையில் ஒளிந்திருக்கிறார் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்க வேண்டும். பழைய மாளிகையைப் பழுது பார்க்கிறோம் என்று சொல்லி உறுப்பினர்களை இந்தக் கண்ணாடிக் கட்டிடத்துக்கு அனுப்பி முப்பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. கட்டிடம்தான் புதிது. வழக்கங்களை மூட்டை கட்டி அப்படியே கூடக் கொண்டுவந்துவிட்டார்கள்.

வண்டிக் கதவு திறந்தது. நீலச் சீருடை போட்ட நர்ஸ் ஒருத்தி எட்டிப் பார்த்து, தவமலரின் கழுத்து அட்டையை எழுத்துக்கூட்டினாள்.

“தவ... மலர். ஏ யம்மா, தமிழா? நல்லவேளை. காலைல வந்த அந்தக் கோட்டுப் போட்ட ஆளு பேசுனது ஒண்ணும் எனக்கு ஏறலக்கா. நான் ஜெபக்கனி, திருநெல்வேலிப் பக்கம். நீங்க சிலோனா?”

“அப்பா அம்மா யாழ்ப்பாணம். நான் பிறந்தது இஞ்ச. ஆள் எப்பிடி இருக்கிறார்?”

“மூச்சு விடுதாரு, பேசுதாரு. ரெண்டும் மெசின்தான். அதுக்கு மேல என்ட்ட கேக்காதீக.” ஜெபக்கனி குரலைத் தாழ்த்தினாள். “ஏன்க்கா, மூணு வாரமா கண்ணு தொறக்காத மனுசனக் கட்டி இழுத்தாந்து ஓட்டுப் போடச் சொல்லுதீகளே, நல்லாவா இருக்கு?”

“நான் கொண்டுவரச் சொல்லேல்லப் பிள்ளை. அரசாங்கத் தரப்பு கொண்டுவந்தது. நான் பாத்துச் சொல்ல வந்தனான்.”

“என்னத்தப் பாத்து?”

“சுகமில்லாத ஆள் உள்ள நடந்து போய் வாக்குப் போடேலாதுதானே. இந்தக் கட்டிட வளவுக்குள்ள இருந்தால் போதும். ரெண்டு பக்கத்துக் கொறடாவும் வந்து பாத்து, ஓம், ஆள் இருக்கிறார் எண்டு தலையசைச்சால் அந்த வாக்குச் செல்லும். கனகாலத்து வழக்கம்.”

“ஒரு ஆளு தலைய அசைக்கலன்னா?”

“செல்லாது.”

“எங்க ஊரு சொசைட்டி எலெக்சன்ல கூட இவ்வளவு கூத்து கெடையாது,” என்று சொல்லிக்கொண்டே ஜெபக்கனி கை கொடுத்து அவளை மேலே ஏற்றினாள்.

உள்ளே ஆலன் விட்கோம் படுத்திருந்தார். அரசுத் தரப்பு உறுப்பினர், அறுபத்தாறு வயது. யாரோ அக்கறையாகத் தலைவாரி, கழுத்துப்பட்டி கூடக் கட்டிவிட்டிருந்தார்கள். காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒரு மேடு. சட்டைக் காலரில் சட்டைப் பொத்தான் போல ஒரு ஒலிபெருக்கி. அதுதான் தொடர்குரல்.

இதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பிறகு கதை தானாக நடக்கும். பக்கவாதம் வந்து பேச்சிழந்தவர்களுக்காகச் செய்த கருவி அது. ஒருவர் இருபது முப்பது வருடம் பேசியது, எழுதியது, சிரித்தது எல்லாவற்றையும் படித்து வைத்துக்கொண்டு, அவர் நினைப்பதை அவர் குரலிலேயே சொல்லும். நல்ல விஷயந்தான், எத்தனையோ வீடுகளில் விளக்கேற்றியது. ஆனால் போகப்போக ஒரு சங்கடம் தெரியவந்தது. நினைக்கிறவர் உள்ளே அணைந்துபோன பிறகும் சிலருக்குக் குரல் நிற்கவில்லை. எதுவரை மனிதர், எங்கிருந்து கருவி என்று மருத்துவர்களால் கோடு போட முடியவில்லை. கண் திறக்காமல் தொண்ணூறு நாள் கடந்தால் மருத்துவமனை குரலை நிறுத்திவிடலாம் என்பதுதான் நடப்புச் சட்டம்.

அதை மாற்றுகிற சட்டமூலம்தான் இன்று மூன்றாம் வாசிப்பில், கடைசிப் படியில் நின்றது. மூச்சும் குரலும் இருந்தால் அவர் மனிதர், அவருடைய சம்மதம் செல்லும், கையெழுத்துச் செல்லும், அவரைக் கேட்காமல் யாரும் நிறுத்த முடியாது. மேலவை ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. தவமலரின் கட்சி எதிர்த்தது. குரலைப் பராமரிக்கிற கம்பெனி நாளைக்கு அந்தக் குரலில் தனக்கு வேண்டியதைச் சொல்லவைத்தால் என்ன செய்வது என்று கேட்டது. நியாயமான கேள்வி என்றுதான் தவமலரும் நினைத்தாள்.

ஆனால் அவளுடைய கணவர் குலேந்திரன் மருத்துவமனையில் படுத்து இன்றோடு எண்பத்துநான்கு நாள். தினமும் சாயந்தரம் அவரோடு அவள் கதைக்கிறாள். அவரும் கதைக்கிறார். இன்னும் ஆறு நாள் இருந்தது.

“ஒண்ணு சொல்லவாக்கா?” ஜெபக்கனி சலைன் குழாயைச் சரிசெய்தபடி சொன்னாள். “தங்கமான மனுசன் இவரு. எது கேட்டாலும் இல்லைன்னே சொல்ல மாட்டாரு. நேத்து வெளயாட்டுக்கு, ‘எங்க ஊரு மாதா கோயில் திருவிழாவுக்கு வந்தீகளே, ஞாபகம் இருக்கா’ன்னு இங்கிலீசுல கேட்டேன். ‘நன்றாக இருக்கிறது, கூட்டம்தான் அதிகம்’ங்காரு. முறுக்கு வேற தின்னாராம்!”

தவமலர் சிரித்தாள். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது.

ஆலன் அவளுடைய சோடி. இப்படிச் சொன்னால் ஜெபக்கனி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அந்த அவையில் அது ஒரு வழக்கம். எதிரெதிர்க் கட்சிக்காரர் இருவர் பேசி வைத்துக்கொள்வார்கள்: உன்னால் வர முடியாத நாளில் நானும் வாக்களிக்கப் போகமாட்டேன், கணக்குச் சரியாகிவிடும். கொறடா அலுவலகத்தில் அதற்குப் பட்டியல் உண்டு. இவர்கள் சோடி அந்தப் பட்டியலில்கூட இல்லாதது. பதினொரு வருடத்துக்கு முன், தேநீர்க்கூடத்து வரிசையில், இரண்டு கையிலும் கோப்பைகளோடு நின்ற ஆலன், “கை குலுக்க முடியாது, கொட்டிவிடும். தலையசைக்கிறேன், போதுமா?” என்றார். அவளும் தலையசைத்தாள். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

எண்பத்துநான்கு நாளுக்கு முன் குலேந்திரன் சமையலறையில் விழுந்தபோது அவையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஆலனின் அரசாங்கமே ஆடிக்கொண்டிருந்தது. அவள் மருத்துவமனைக்கு ஓடினாள். ஆலன் எழுந்து போய்த் தேநீர்க்கூடத்தில் உட்கார்ந்துகொண்டார். அவருடைய கொறடா மேசையில் அடித்துக் கத்தினாராம். “என் சோடி வரவில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாராம் மனிதர். அரசு இரண்டே வாக்கில் தப்பியது.

மணி அடித்தது.

கட்டிடம் முழுக்க, முற்றம் முழுக்க, தெரு முனையிலிருந்த மதுக்கடைக்குள்கூட அடிக்கும் மணி. இனி எட்டு நிமிடம். அதற்குள் உறுப்பினர்கள் ‘ஆம்’ கூடத்துக்கோ ‘இல்லை’ கூடத்துக்கோ நடந்து போய்விட வேண்டும். பிறகு கதவைப் பூட்டிவிடுவார்கள்.

அரசுத் தரப்புக் கொறடா டன்ஸ்டன் வண்டிக்குள் ஏறினார். நெடிய மனிதர், முதுகைக் கூனித்தான் நிற்க முடிந்தது.

“ஆலன், எந்தப் பக்கம்?”

“ஆம் பக்கம்,” என்றது காலரிலிருந்து குரல். பேசுமுன் தொண்டையைச் செருமுகிற அந்த வழக்கம் கூட அப்படியே இருந்தது.

“தெளிவாகச் சொல்லிவிட்டார். தலையசைப்போமா, மிஸஸ் குலேந்திரன்?”

தவமலர் குனிந்தாள். “ஆலன், நான் தவம்.”

“தவம்! இன்னும் அந்தக் கொடுமையான தேநீரைத்தான் குடிக்கிறீர்களா?”

அவரேதான். இப்படியேதான் பேசுவார். ஒரு தடவை தலையை அசைத்தால் போதும். கொறடாக்களின் கணக்குப்படி 302க்கு 301, சட்டம் நிறைவேறும், குலேந்திரன் இருப்பார். யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது, குரலைத்தான் எல்லோரும் கேட்டார்களே.

“நாம் பேசி வைத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா?”

“மறப்பேனா? வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.”

இதோடு விட்டிருக்கலாம். விடத்தான் நினைத்தாள். ஆனால் வாய் தானாகச் சொன்னது: “நூலகப் படிக்கட்டில் நின்று கை குலுக்கினோமே.”

“ஆமாம். நூலகப் படிக்கட்டு. உங்கள் கை சில்லென்று இருந்தது.”

மூலையில் ஜெபக்கனி தலையை நிமிர்த்தினாள்.

தவமலர் உதட்டை ஈரமாக்கிக்கொண்டாள். ஆலனுக்குப் பிள்ளைகள் கிடையாது. அவையில் எல்லோருக்கும் தெரியும். “ஆலன், உங்கள் மகள் எப்படியிருக்கிறாள்?”

“நன்றாக இருக்கிறாள். கேட்டதற்கு நன்றி.”

மழை வண்டிக் கூரையில் தட்டிக்கொண்டிருந்தது. டன்ஸ்டனின் காது மடல்கள் சிவந்தன.

“மூளை அடிபட்டவர் குழம்பத்தான் செய்வார். குழம்புகிறவரெல்லாம் இல்லை என்று எண்ணத் தொடங்கினால் நம் அவையில் பாதிப்பேர் மிஞ்ச மாட்டார்கள்.”

“ஆலன் குழம்பினால் திட்டுவார். தெரியவில்லை என்பார், போய்த் தொலை என்பார். இது ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை.”

“ஐந்து நிமிடம் இருக்கிறது.” டன்ஸ்டன் குரலைத் தணித்தார். அதில் கொடுமை இல்லை, அதுதான் கொடுமையாக இருந்தது. “உங்கள் கணவருக்கு ஆறு நாள் என்று கேள்விப்பட்டேன். இவரை இல்லை என்று சொன்னால், அவரை என்னவென்று சொல்கிறீர்கள் என்று யோசித்தீர்களா?”

அவள் யோசித்தாள். கடிகார முள் நகர்வதைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள்.

“இவர் இங்கே இல்லை,” என்றாள். “நான் தலையசைக்க மாட்டேன்.”

டன்ஸ்டன் இறங்கி மழையில் ஓடினார்.

“யக்கா,” ஜெபக்கனி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்க வீட்டுக்காரருக்கும் இதேதானா? ஆறு நாளா?”

“ஓம்.”

“இப்ப என்ன ஆவும்?”

“சரிக்குச் சரி. முந்நூற்றொண்டுக்கு முந்நூற்றொண்டு.”

“அப்ப பூவா தலையா போடுவாகளா?”

“இல்லை. சபாநாயகர் தீர்ப்பு வாக்குப் போடவேணும். அவர் தன்ர விருப்பத்துக்குப் போடேலாது. சபை குடுக்காத பெரும்பான்மையை அவர் குடுக்கக்கூடாது எண்டொரு மரபு. அதால, இல்லை எண்டுதான் போடுவார்.”

“அப்பச் சட்டம் போச்சு.”

“போச்சு.”

ஜெபக்கனி அவளுக்குக் குடையை எடுத்துக் கொடுத்தாள்.

நடைபாதையில் ஏறும்போதே தொலைபேசி அலறியது. கட்சியின் தலைமைக் கொறடா ஃபியோனா கார். “மறுத்துவிட்டாயாமே? பொன்னான வேலை! உன் வாக்கோடுதான் சமன். ஓடி வா, இரண்டு நிமிடம்தான்.”

அவள் ஓடினாள். முழங்கால் வலிக்க ஓடினாள். ‘இல்லை’ கூடத்தின் கண்ணாடிக் கதவருகே வாயில்காப்பாளர் பெரிய சாவியோடு நின்றார். உள்ளே கட்சிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக எண்ணுகிறவர்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஃபியோனா கையை ஆட்டிக் கூப்பிட்டாள்.

வாசற்படியில் அவள் கால் நின்றது.

ஆலன் அங்கே இல்லை என்று சொன்னது யார்? அவள்தான். டன்ஸ்டனின் முன்னால், கணவரின் ஆறு நாளை விலையாக வைத்துச் சொன்னாள். ஆலன் இல்லை என்பது உண்மையென்றால் அவளுடைய சோடி இன்றைக்கு வரவில்லை. சோடி வராத நாளில் வாக்களிக்கப் போவதில்லை என்று தலையசைத்தவளும் அவள்தான். அவர் இல்லை என்று சொல்லி அவர் வாக்கையும் தள்ளிவிட்டு, அவர் இருப்பதைப்போல் தன் வாக்கை மட்டும் போடுவதா?

அவள் போகாவிட்டால் 301க்கு 300. சட்டம் நிறைவேறும். குலேந்திரன் இருப்பார்.

அந்தக் கணக்கு மனதில் வந்த நொடியில் அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. காலைப் பிடித்து நிறுத்துவது ஆலனுக்குக் கொடுத்த வாக்கா, குலேந்திரனா? உள்ளே துழாவிப் பார்த்தாள். பிரித்தெடுக்க வரவில்லை. மருத்துவர்களால் போட முடியாத கோட்டைப்போலத்தான் இதுவும் இருந்தது.

“மேடம், பூட்டப் போகிறேன்,” என்றார் வாயில்காப்பாளர். “உள்ளேயா, வெளியேயா?”

கண்ணாடிக்கு அப்பால் ஃபியோனாவின் வாய் பெரிதாகத் திறந்து மூடியது.

“வெளியே,” என்றாள் தவமலர்.

சாவி திரும்பியது.

சுவரிலிருந்த திரையில் முடிவை வாசித்தார்கள். ஆம் என்போர் வலப்புறம், முந்நூற்றொருவர். இல்லை என்போர் இடப்புறம், முந்நூறு பேர். ஆம் என்போரே வென்றனர். ஒரு பக்கம் ஆரவாரம், மறுபக்கம் ஆட்கள் ஒருவரையொருவர் திரும்பித் திரும்பி எண்ணிக்கொண்டார்கள்.

ஃபியோனா வெளியே வந்தபோது கத்தவில்லை. “கணவருக்காகவா?” என்று கேட்டாள்.

“என் சோடி வரவில்லை.”

“எந்தப் பட்டியலில் இருக்கிறது இந்தச் சோடி?”

“எந்தப் பட்டியலிலும் இல்லை.”

“சாட்சி?”

“ஆலன்.”

“ஆலன் இல்லை என்று நீதானே பத்து நிமிடத்துக்கு முன் சொன்னாய்,” என்றாள் ஃபியோனா. கையை நீட்டினாள். தவமலர் கொறடா அட்டையைக் கழற்றி அந்தக் கையில் வைத்தாள்.

முற்றத்தில் ஆம்புலன்ஸ் புறப்படத் தயாராக நின்றது. ஜெபக்கனி கதவைப் பாதி மூடியவள், அவளைக் கண்டதும் இறங்கி வந்தாள்.

“சட்டம் பாஸாயிட்டாமே? ரேடியோல சொன்னாக. இவருட்டயும் சொன்னேன்க்கா.” அவள் முகத்தில் கேலி இல்லை. “‘மகிழ்ச்சி. திங்கட்கிழமை அவைக்கு வருகிறேன், தவத்திடம் சொல்லுங்கள்’ங்காரு. நெசமாவே வருவாரா?”

“அரச முடியின்ர ஒப்புதல் கிடைச்ச உடன வரலாம். முடி ஒரு சட்டத்தை மறுத்து முந்நூறு வருசத்துக்கு மேல.”

“ஏ மாதாவே,” என்று சொல்லி ஜெபக்கனி கதவை இழுத்து மூடினாள்.

ஆறு மணிக்கு மருத்துவமனை. குலேந்திரனின் அறை ஜன்னலில் மழை கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. வழக்கம்போலக் கோட்டைக் கதிரையில் போட்டுவிட்டு, அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சூடான கைதான்.

“வந்திட்டீரோ, தவம்? நனைஞ்சிட்டீர் போல.”

“கொஞ்சம்.”

“பாராளுமன்றத்தில என்னவாம்?”

“சட்டம் பாஸ் பண்ணியாச்சு. இனி உங்களைக் கேட்காமல் ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாது.”

“நல்லது. நல்லது.”

இனி நிறுத்தச் சொல்லும் உரிமை மருத்துவமனைக்கு இல்லை. அவளுக்கும் இல்லை. அவருடைய சம்மதம் வேண்டும். அவரைக் கேட்டால் குரல்தான் பதில் சொல்லும்.

எண்பத்துநான்கு நாளும் அவள் ஒரு கேள்விகூடச் சோதித்துக் கேட்டதில்லை. நடந்ததையே பேசுவாள், நடந்ததையே அவரும் பேசுவார். இன்றைக்கும் கேட்காமல் எழுந்து போயிருக்கலாம். மற்றவர் வீட்டு மனிதரிடம் மட்டும் கேட்டுவிட்டுத் தன் வீட்டில் கேட்காமல் இருப்பது சரியில்லை என்று பட்டது அவளுக்கு. அவள் அப்படிப்பட்டவள்.

“என்னப்பா,” என்றாள் மெதுவாக. “கலியாணம் முடிச்ச வருசம் நுவரெலியா போனமே. காத்துக்குக் குடை பறந்து குளத்துக்க விழுந்ததே. ஞாபகம் இருக்கோ?”

அவர்கள் நுவரெலியா போனதேயில்லை. டிக்கெட் எடுத்த வாரத்தில் திடீர்த் தேர்தல் அறிவித்தார்கள், அவள் கட்சி வேலைக்கு இறங்கிவிட்டாள். அடுத்த வருடம் போவோம், அதற்கடுத்த வருடம் போவோம் என்று முப்பது வருடம் போய்விட்டது. அந்த இரண்டு டிக்கெட்டும் இன்னும் மேசை லாச்சிக்குள்தான் கிடக்கின்றன.

குரல் சற்று நேரம் பேசாமல் இருந்தது. அவள் அந்த மௌனத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். இல்லையெண்டு சொல்லுங்கோ. உமக்கென்ன விசரோ எண்டு கேளுங்கோ. ஒருக்கால் ஏசுங்கோ.

“மறப்பனோ?” என்றார் குலேந்திரன். “சிவப்புக் குடை. நீர் சிரிச்சுச் சிரிச்சே நனைஞ்சு போனீர். நான் என்ர கோட்டைக் கழட்டிப் போத்திவிட்டனான்.”

தவமலர் கண்ணை மூடிக்கொண்டாள். குளம் தெரிந்தது. தண்ணீரில் தலைகீழாக மிதந்து போகிற சிவப்புக் குடை தெரிந்தது. தோளில் கோட்டின் பாரம் கூடத் தெரிந்தது.

மடியிலிருந்த கையை அவள் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். பிறகு, யாரும் பார்க்காத அந்த அறையில், மெல்லத் தலையசைத்தாள்.

“ஓம்,” என்றாள். “நல்ல குளிர் அண்டைக்கு.”